சுவீட்ஸ்பரோவில் ஏழு கிழமைகள்

நியூ ஜேர்சியின் தென்பகுதியில், பிலடெல்பியாவுக்கு ஆற்றின் மறுகரையில், சுவீட்ஸ்பரோ என்றொரு சிற்றூர் உண்டு. பகல் வேலை, இரவு வேலை என்று ஓடும் நாங்கள், லீவு கிடைத்த ஒரு ஞாயிறன்று மூன்று குடும்பமாக வானில் அங்கு போனோம்.

பெயரே சொல்கிறது, இது சுவீடன்காரர் குடியேறிய ஊர். 1638இல் டெலவெயர் ஆற்றங்கரையில் அவர்கள் 'புதிய சுவீடன்' குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். 1655இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். அதே ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658இல்! ஆட்சி போனாலும் சனங்கள் போகவில்லை. 1784இல் கட்டிய செங்கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது.

அந்தச் சனங்கள் கிழமைகளை எப்படிச் சொன்னார்கள்? செவ்வாய் 'தீஸ்டாக்', புதன் 'ஊன்ஸ்டாக்', வியாழன் 'தூர்ஸ்டாக்', வெள்ளி 'பிரேடாக்'. போர்த் தெய்வம் தீர், தலைமைத் தெய்வம் ஓடின், இடித் தெய்வம் தோர், ஓடினின் மனைவி பிரிக் ஆகியோரின் நாட்கள் இவை. உரோமர் ஞாயிறு, திங்கள் உட்பட ஏழு கோள்களின் பெயரை நாட்களுக்கு வைத்திருந்தார்கள். வடக்கே இருந்தவர்கள் அவற்றில் நான்கில் தங்கள் தெய்வங்களை இருத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் டியூஸ்டே, வென்ஸ்டே, தேர்ஸ்டே, பிரைடே எல்லாம் அதே தெய்வங்களின் ஆங்கிலப் பெயர்கள்தான். எங்கள் ஏழு கிழமைகளும் அதே கோள்கள், அதே வரிசை.

சனிக்கிழமை மட்டும் வேறு. 'லோர்டாக்' என்றால் குளிக்கும் நாள். ஊரில் சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகிய எங்களுக்கு இது புதினமா? நோர்வேயிலும் டென்மார்க்கிலும் உள்ள எங்கள் உறவினரின் பிள்ளைகள் இன்றும் சனிக்கு இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் சுவீட்ஸ்பரோவில் அந்தப் பேச்சு இல்லை. இங்கு பணிசெய்து, 1831இல் பிலடெல்பியாவில் இறந்த நிக்கலஸ் கொலின்தான் சுவீடன் அனுப்பிய பாதிரிமாரில் கடைசி. அதற்கு முன்பே பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். ஒருவரும் தடை போடவில்லை. வீட்டில் பேசுவது நின்றது, அவ்வளவுதான். ஊர்ப்பெயர் மிஞ்சியது.

தொழிற்சாலை நேர அட்டையில் கிழமை ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை மாற்ற எங்களால் முடியாது. வீட்டுக் கலண்டர் எங்கள் கையில். ஒவ்வொரு கிழமைக்குப் பக்கத்திலும் தமிழ்ப் பெயரைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிப்போம். வெள்ளிக்கு ஏன் மரக்கறி, சனிக்கு ஏன் முழுக்கு என்று அவர்கள் கேட்பார்கள். சொல்லிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.