சுருக்குப்பையில் எஞ்சிய காசு

என்னிடம் ஓர் அம்மன் காசு உள்ளது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒருபுறம் பிரகதாம்பாளின் அமர்ந்த உருவம். மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 320. நவராத்திரி நாட்களில் அரண்மனையார் ஏழைகளுக்கு அரிசியோடு இதனையும் வழங்குவர். அம்மன் உருவம் இருக்கிறதே என்று எங்கள் இல்லத்தில் எவரும் இதனை ஒதுக்கியதில்லை; சமஸ்தானத்தின் காசு, அவ்வளவே.

இதன் விளிம்பு கோணல். எழுத்தோ பாதி ஓரம் தப்பிப் போயிற்று. 1880களின் இறுதியில் பர்மிங்காமிலிருந்து எந்திரக் காசுகள் வந்தன. அவை அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலிருக்கும். என்னுடையது அதற்கும் முந்தியது. கீழச்சின்மேல் செப்புவில்லையை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்து, சம்மட்டியால் அடித்தது. 997ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளினை ஆண்ட நார்ஸ் மன்னன் சித்ரிக், ஆங்கிலேயரின் வெள்ளிப் பென்னியைப் பார்த்து அடித்த காசுகளும் இம்முறையில் உருவானவையே. அந்த வடபுலக் கடலோடிகளின் புதையல்களில் இஸ்லாமிய நாடுகளின் வெள்ளித் திர்ஹங்களும் கிடைத்துள்ளன. எங்கோ ஒரு சம்மட்டிக்காரன் கை சற்றே வழுவியது, நூற்றாண்டுகள் கழித்தும் காசில் தெரிகிறது!

என் கை வழுவியதையும் சொல்லவேண்டும்.

நன்னிமா வெள்ளிக்கிழமைதோறும் வாசலுக்கு வரும் எளியோர்க்கு இக்காசுகளைக் கொடுத்து வந்தார்களாம். 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் காசு செல்லாதாயிற்று. எஞ்சியதைச் சுருக்குப்பையில் கட்டிப் பெட்டியடியில் வைத்தார்கள். “சதகாவுக்கென்று நிய்யத்து வைத்தது, வேறெதற்கும் எடுக்கலாகாது” என்பார்கள்.

1955இல், எனக்குப் பத்து வயது. செல்லாக் காசுதானே என்று பையோடு தூக்கிச் சென்று பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பன்னிரண்டு அணா கிடைத்தது. கமர்கட்டும் டூரிங் கொட்டகையுமாக அன்றே தீர்ந்தது. வெறும் பையைத் திரும்ப வைத்தபோது, தையலிடுக்கில் ஒன்று சிக்கிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

நன்னிமா அறிந்தபோது அடிக்கவில்லை, அத்தாவிடம் சொல்லவுமில்லை. கோழிமுட்டை விற்ற பணத்திலிருந்து பன்னிரண்டு அணாவை எடுத்து, அடுத்த ஜும்ஆ நாளில் என் கையாலேயே கொடுக்கச் செய்தார்கள். பிறகு பையை உதறி, அந்த ஒற்றைக் காசை என் உள்ளங்கையில் வைத்துக் கேட்டார்கள்:

“அது செம்புக்கு வந்த விலை வாப்பா. மொத்தம் எத்தனை காசு இருந்தது? எண்ணினாயா?”

நான் எண்ணியிருக்கவில்லை.