தலை எது, கால் எது

இலையெல்லாம் உருவிப்போட்ட ஒரு மல்பெரிக் குச்சியைக் கையில் கொடுத்து, இதில் மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு உட்கார்ந்திருக்கும் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். என் வயதில் அதற்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். குச்சிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. தலைகீழாக ஊன்றினாலும் பழைய கால் எதுவோ அந்த முனையில்தான் வேர்விடப் பார்க்கும். ஆக்சின் என்ற சுரப்பு நுனியிலிருந்து அடியை நோக்கியே ஓடுவதால் இப்படி என்று படித்தேன். படித்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. மரத்தை விட்டுப் பிரிந்து, இலையை இழந்து, வாளித் தண்ணீரில் கிடக்கிற துண்டுக்கு இவ்வளவு ஞாபகமா? விவரம் தெரிந்தவர்கள் அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டிவிடுவார்கள். நடும்போது யோசிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஆயா இதையெல்லாம் படித்ததில்லை. காற்றில் முருங்கைக் கிளை முறிந்து விழுந்தால் முழ நீளத்துக்கு நறுக்கி வேலியோரம் ஊன்றும். ஊன்றியதும் மேல் வெட்டில் ஒரு உருண்டைச் சாணியை எடுத்து அப்பும். வெட்டுவாய் வெயிலில் காயாது, மழைநீர் இறங்கி அழுகாது. வரிசையாகச் சாணித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் போத்துகளைப் பார்த்துச் சிரித்தால், “சிரிக்காத, காய் காச்சா நீதான துண்ணப் போற” என்னும்.

எனக்கு இப்போது வேண்டியது காய் அல்ல, ஒரு சாணுக்குள் அடங்குகிற மரம். ஜப்பானியர் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வளர்க்கும் போன்சாயை ஷோஹின் என்பார்கள். போன்சாயே நம் நாட்டு வாமன விருட்சக் கலைதான் என்று மார்தட்டும் கோஷ்டியும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எங்கள் தெருவில் சொல்தா வீட்டு வாசலில் ஒரு மல்பெரி மரம் இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த பெரியவர் வைத்த மரம். அவர் இப்போது இல்லை. மரமும் அந்த அம்மாவும் இருக்கிறார்கள். ஒரு குச்சி கேட்டேன்.

“கிளையே வெட்டிக்கோ தம்பி. எதுக்கு?”

“போன்சாய் வைக்கலாம்னு பார்க்கிறேம்மா.”

“நல்லா வளர்ற மரத்த எதுக்குப்பா நோவடிக்கிற?”

நல்ல கேள்வி. பதிலை யோசித்துக்கொண்டே குச்சியோடு வந்துவிட்டேன்.

மல்பெரிக் குச்சியைத் தொட்டால் எனக்குப் பெரொத்தே நினைவுக்கு வந்துவிடுவார். புதுச்சேரியில் பழைய பேருந்து நிலையத்தை அடுத்திருக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் பேரன் பேத்திகளைக் கூட்டிப்போய், குட்டி ரயிலில் ஏற்றி இறக்கி, சுண்டல் தின்றுவிட்டு வருகிறோமே, அது 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம். அதில் பாடுபட்ட அரசுத் தாவரவியலர் ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே. 1793இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1819இல் பிரெஞ்சுக் கப்பலில் ஏறி ரெயூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றினார். தென் அமெரிக்காவிலுள்ள கயேனில் நடுவதற்குப் பயிர்களைச் சேகரிப்பது அவருக்கு இட்ட வேலை. பிறகு சில ஆண்டுகள் செனகல். 1834இல் புதுச்சேரி. இங்கிருந்து நீலகிரி ஏறிச் செடி சேகரித்தார். அங்கே காட்டு இலவங்கம் ஒன்றும், மண்ணுக்குள் வாழும் பாம்பு ஒன்றும் இன்றைக்கும் அவர் பெயரைச் சுமக்கின்றன. 1842இல் அவுரிச் சாகுபடி பற்றி ஒரு புத்தகம் போட்டார். நடுவில் ஐரோப்பா போனவர் மறுபடி இங்கேயே திரும்பி, 1870 ஜனவரியில் இந்த ஊரிலேயே இறந்தார்.

இத்தனையிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மணிலாக் கதை. மணிலாக்கொட்டையை மல்லாட்டை என்று தின்னும் ஊருக்கு மணிலா அந்நியமில்லை என்பதாலும் இருக்கலாம். அடியிலிருந்தே பல தண்டு கிளம்பும், பெரிய இலை விடும் ஒரு மல்பெரியை அவர் அங்கே கண்டு, 1821இல் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ‘மல்டிகாலிஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. செடியைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துக் கடல் கடத்தும் வித்தையை லண்டன் மருத்துவர் வார்டு கண்டுபிடித்துக் கப்பலில் சோதித்தது 1833இல்தான். அதற்கு முன்னால் கப்பலில் வந்த செடி உப்புக்காற்றைக் குடித்து, மாலுமிகளின் அளவுத் தண்ணீரில் பங்கு கேட்டு, மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். என் மாடியில் கடற்காற்றுக்கு ஒரு நாள் காட்டினாலே துளிர் கருகிவிடுகிறது. போத்தின் மேல் பாலிதீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்கிறேனே, அது வார்டு பெட்டியின் ஏழைத் தம்பி.

அந்த மல்டிகாலிஸ் அமெரிக்காவுக்கும் போனது. பட்டுப்புழுவுக்கு உகந்த இலை, குச்சியை ஒடித்து நட்டால் பிழைக்கும்; இதற்கு மேல் என்ன வேண்டும்? 1830களில் அங்கே பித்தே பிடித்துவிட்டது. புழு வளர்க்க வாங்கியவர்கள் கொஞ்சம், அடுத்தவன் தலையில் கட்ட வாங்கியவர்கள் ஏராளம். குச்சிக்கு விலை, குச்சியிலுள்ள மொட்டுக்கும் விலை. 1839இல் சந்தை சரிந்தது. மிச்சத்தை வடக்குக் குளிர் பார்த்துக்கொண்டது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டு ஏமாந்து நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. சுலபமாக வேர்விடுகிற ஒன்று எப்படி வெகுநாள் விலை உயர்ந்து நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

எதுக்கு நோவடிக்கிற என்று கேட்ட சொல்தா வீட்டு அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் தருமபுரிப் பக்கம் இருக்கிறது. அங்கே மல்பெரித் தோட்டத்தில் மரத்தையே பார்க்க முடியாது. புழுவுக்குத் தழை வேண்டும் என்று ஆண்டுக்குப் பலமுறை அடியோடு வெட்டுகிறார்கள். அது மறுபடி துளிர்க்கிறது. பல வருஷத் தோட்டத்தில் அடிக்கட்டை முழங்கை பருமன் இருக்கும், உயரமோ முழங்காலைத் தாண்டாது. நோவென்றால் அதுவும் நோவுதான். அந்தத் தழையில் வந்த பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என் போன்சாய் ஆசையைப் பார்த்து மட்டும் உச்சுக்கொட்டினால் என்ன நியாயம்?

ஆனால் வெட்டுவதல்ல இதில் கஷ்டம், வெட்டாமல் இருப்பது. போன்சாய் என்றதும் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது என்று நினைக்கிறார்கள். சின்னத் தட்டில் வைத்த இளம்போத்து உயரவும் உயராது, பருக்கவும் பருக்காது; எத்தனை வருஷமானாலும் குச்சியாகவே நிற்கும். அடிமரம் தடிக்க வேண்டுமானால் தரையிலோ பெரிய தொட்டியிலோ விட்டு, அது இஷ்டப்படி ஆள் உயரம் போவதைச் சில வருஷம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு இலையோ, கீழே அவ்வளவு பருமன். பிறகுதான் ஒரே வெட்டாகச் சாண் உயரத்துக்கு இறக்குவது. அதிலிருந்து வரும் கிளையைக் கம்பி சுற்றி வளைப்பது அதற்கும் அப்புறம். ஆணிவேர் இல்லாமல் சுற்றிலும் வேர் பரப்புவது போத்தின் குணம் என்பதால், தட்டையான சட்டியில் உட்கார அது விதைக்கன்றைவிடத் தோது. வெட்ட வெட்ட இலை சிறுக்கும். பழம் சிறுக்காது. சாண் உயர மரத்தில் முழு அளவு மல்பெரிப் பழம் தொங்கும் என்ற நினைப்புதான் எனக்குத் தெம்பு.

என் போத்து இப்போது பெரிய தொட்டியில் தாறுமாறாக வளர்கிறது. பார்க்கிறவர்கள் இதுவா போன்சாய் என்கிறார்கள். இன்னும் இல்லைதான். ஆனால் மலர்க் கண்காட்சியிலோ நர்சரியிலோ பளபளக்கும் தட்டில் ஒன்றை வைத்து, பாசி ஒட்டி, குட்டி புத்தரையும் பக்கத்தில் உட்காரவைத்து போன்சாய் என்று நீட்டினால், இலையைப் பார்த்து மயங்காதீர்கள். மண்ணை ஒட்டிய அடிமரத்தைப் பாருங்கள். அது பென்சில் பருமன்தான் என்றால் தட்டில் நட்ட வெறும் செடி அது; செடிக்கு உண்டான விலையை மட்டும் கொடுங்கள்.