அன்னையின் சேலைகளில் ஒரு போர்வை

இறந்தவர் விட்டுச்செல்லும் பொருள்களுள் என்ன செய்வதென்று அறியாமல் நம்மைத் திகைக்க வைப்பவை அவர் உடுத்திய ஆடைகளே. நிலத்திற்குப் பத்திரம் உண்டு. நகைக்கு நிறை உண்டு. பாத்திர பண்டங்களுக்கு எண்ணிக்கை உண்டு. இவற்றைப் பங்கிட உறவினர் கூடுவர். பெரியவர்கள் வந்து பேசுவர். பழைய பருத்திச் சேலைக்கோ விலையும் இல்லை, வழக்கும் இல்லை. ஆயினும் பெட்டியைத் திறந்தவுடன் எழும் அந்த மணத்தின் முன் நிற்க வலுவின்றி, மீண்டும் மூடி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்!

எங்கள் அன்னையார் 2016-ஆம் ஆண்டு இறைவனில் துயில் கொண்டார்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, வந்தோர் உணவருந்திச் சென்றபின், அக்காளும் தங்கையுமான நாங்கள் இருவரும் திண்டுக்கல் வீட்டில் அவர்களது மரப்பெட்டியைத் திறந்தோம். இருந்த ஒரே பட்டை உடுத்தியே அவர்களை அடக்கம் செய்திருந்தோம். எஞ்சியவை 31 சேலைகள், அனைத்தும் பருத்தி. சின்னாளப்பட்டிச் சேலைகள், மதுரைச் சுங்குடி, கோயம்புத்தூர்ப் பருத்தி, அரக்கு நிறத்தில் அகன்ற கரையுடன் ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி.

அன்று மாலை கொடைக்கானல் பேருந்துக்குப் புறப்பட்ட எங்கள் தம்பி வாசலில் நின்று தயங்கினான். “பெரியக்கா, அம்மாவின் அரக்குக் கண்டாங்கியை மட்டும் எனக்குத் தருவீர்களா?” என்று கேட்டான். பள்ளி விடுதியில் அவனைக் கொண்டுபோய் விட்ட நாளில் அன்னையார் உடுத்தியிருந்தது அச்சேலை. அது எங்களுக்கும் தெரியும். எனினும், வீட்டைப் பிரிப்பது பற்றி ஓராண்டுக் காலமாக எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தின் சூடு அப்போது தணிந்திருக்கவில்லை. “வீட்டில் பங்கு கேட்ட வாய் சேலையிலும் பங்கு கேட்கிறதோ?” என்றோம். சொன்னவர் எங்களுள் ஒருவர். வாய் மூடி நின்று அதற்கு உடன்பட்டவர் மற்றவர். ஆகவே இருவரும் சொன்னோம் என்பதே உண்மை. அவன் மறுமொழி கூறாமல் படியிறங்கிச் சென்றான். அதன்பின் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

தவக்காலங்கள் வந்தன, போயின. சேலைகள் பெட்டியிலேயே கிடந்தன.

2019-ஆம் ஆண்டு எங்கள் மூத்தவரின் மகளுக்குத் திருமணம் உறுதியானது. பாட்டியின் நினைவாக ஏதேனும் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான், அச்சேலைகளைத் துண்டுகளாக்கி இணைத்து ஒரு போர்வை தைக்கும் எண்ணம் பிறந்தது. ஆங்கிலேயர் ‘குவில்ட்’ என்று அழைக்கும் இவ்வகைப் போர்வை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழஞ்சேலையை நான்காய் மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பது நம் வீடுகளில் கண்டதுதானே! வங்கத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் பறவையும் தைத்துக் காந்தா செய்தனர். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் உள்ளனர். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பழந்துணித் துண்டுகளை ஓரத்தில் தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பர். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளை ‘பூ’ என்று வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெறும். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவையையும் இணைப்பதுண்டு.

துணி, துயரத்தைத் தாங்கும் பொருள் என்பதை எல்லா நாட்டினரும் அறிந்திருக்கின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ‘ஜீஸ் பெண்ட்’ என்னும் கறுப்பின மக்களின் சிற்றூரில் வாழ்ந்த மிசோரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்தபின் 1942-இல் அவரது உழைப்பாடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதன் அடியில் படுத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதே அவரது நோக்கமாயிருந்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரத் திடலில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக அவர்களுடைய அன்பர்கள் தைத்த 1,920 துணிப்பலகங்கள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. ஏறத்தாழ ஒரு கல்லறைக் குழியின் அளவு. யோப்பா நகரத் தபித்தா இறந்தபோதும், அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளை அன்றோ கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதனர்!

முதல் போர்வையை மேல்துணி வரையில் நாங்களே தைத்தோம். மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி என்னும் மூன்று அடுக்குகளையும் ஒன்றாக இணைத்துத் தைக்கும் வேலையைப் பெரிய இயந்திரம் வைத்திருந்த ஒரு கடையில் ஒப்படைத்தோம். இவ்விணைப்புத் தையல் அழகுக்கு மட்டும் உரியதன்று. இடையிடையே தைத்துப் பிடிக்காவிட்டால், சில முறை துவைப்பதற்குள் பஞ்சு இடம் பெயர்ந்து கட்டிகளாகத் திரண்டுவிடும். எந்த விரிப்பு வந்தாலும் முழுவதும் ஒரே அலைக்கோடு ஓட்டுவதே அக்கடையின் வழக்கம். துணிக்கேற்ற கோலத்தில் தைத்துத் தர இயலுமா என்று கேட்டோம், நேரமில்லை என்றனர். வந்த போர்வையின் பின்புறத்தில் இரண்டு இடங்களில் மடிப்பு விழுந்து தைக்கப்பட்டிருந்தது. எனினும் மணமகள் மகிழ்ந்தாள். அடுத்து இளையவரின் மகனுக்கும் ஒன்று தைத்தோம்.

இரண்டும் முடிந்தபின் பெட்டியைப் பார்த்தபோது எங்களுக்கு உண்மை உறைத்தது. நல்லவற்றையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கென வெட்டி எடுத்துவிட்டோம். தம்பிக்கென்று மீந்தவை நடுவில் நைந்து போன 12 சேலைகள் மட்டுமே. அவற்றின் அடியில், இருவரும் தொடத் துணியாமல் விட்டு வைத்த அந்த அரக்குக் கண்டாங்கி இருந்தது. பெட்டியை மூடினோம். மேலும் ஈராண்டுகள் கழிந்தன. நோய்த்தொற்றுக் காலம் வந்தது. அடக்கத்திற்குக்கூட உறவினர் செல்ல முடியாத வீடுகளைக் கண்டோம். நாளை என்று தள்ளிப்போடும் உரிமை நமக்கு இல்லை என்பதை அந்நாள்கள் கற்பித்தன. 2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மூன்றாவது போர்வையைத் தொடங்கினோம்.

பழஞ்சேலை எங்கும் ஒரே சீராக நைவதில்லை. உட்காரும் இடமும் தோளில் படியும் இடமும் முதலில் நையும். கரையும் கரையை ஒட்டிய பகுதியும் நெடுநாள் நிற்கும். ஒவ்வொரு சேலையையும் சன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, உறுதியான இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டோம். சாயம் போகும் சிவப்புச் சுங்குடியைத் தண்ணீர் தெளியும் வரையில் அலசினோம். 6½ அங்குலச் சதுரங்களாக வெட்டினோம். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போக, 6 அங்குலம் நிற்கும். வரிசைக்கு 10 வீதம் 15 வரிசைகள். மொத்தம் 150 சதுரங்கள். ஐந்தடி அகலம், ஏழரை அடி நீளம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலின் குளிருக்கென்று பஞ்சு விரிப்பைச் சற்றுக் கனமாகவே வாங்கினோம்.

கண்டாங்கியைச் சதுரங்களாக வெட்ட மனம் வரவில்லை. அதனைக் குறுக்கே ஒரே ஒரு முறை வெட்டி, இரு பாதிகளையும் அருகருகே இணைத்து அடித்துணியாக்கினோம். அகலத்தில் மீந்ததை எடுத்து, அதன் கரையையே போர்வையின் நான்கு ஓரங்களுக்கும் வைத்துத் தைப்பதென முடிவு செய்தோம். மேலே தெரிவது மற்றச் சேலைகளாயினும், உறங்குபவனின் உடலைத் தொடுவது அவன் கேட்ட சேலையாகவே இருக்கும்.

இம்முறை கடைக்குக் கொடுக்கவில்லை. அன்னையாரின் கால்மிதித் தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விட்டோம்; தடித்த ஊசி பூட்டினோம். துணியை முன்னே தள்ளும் அடிப்பற்களைத் தாழ்த்திவிட்டால், ஊசியின் கீழ்த் துணியை எத்திசையிலும் கையால் நகர்த்தலாம். காகிதத்தை அசைத்து எழுதுவது போன்றது அது. கால் விரைந்து கை தாமதித்தால் தையல் குத்துக் குத்தாய் நெருங்கும். கை விரைந்து கால் தாமதித்தால் தையல் நீண்டு தளரும். மேல்நூலின் இறுக்கமும் பாபின் நூலின் இறுக்கமும் ஒத்திருந்தால்தான் இரு நூல்களும் துணியின் நடுவில் சந்தித்துப் பின்னிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றை மிஞ்சி இழுத்தால் முடிச்சு வெளியே தெரிந்துவிடும்.

கோலத்திற்கு நாங்கள் தேடி அலையவில்லை. பொங்கலன்று அன்னையார் வாசலில் இடும் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்தது. புள்ளிகளைத் தொடாமல் ஒவ்வொன்றையும் வளைத்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒரே கோடு அது. சதுரங்கள் நான்கு கூடும் மூலைகளைப் புள்ளிகளாகக் கொண்டோம். நடுவில் தொடங்கி வெளியே விரிந்து செல்வதே முறை. ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ந்த துணியெல்லாம் நடுவில் குவிந்துவிடும். ஒருவர் மிதித்துத் தைக்க, மற்றவர் சுருட்டிய போர்வையின் பாரத்தைத் தோளில் ஏந்தி நின்றோம். பாரம் கீழே இழுத்தால் ஊசி வளைந்து முறியும். அப்படியும் ஐந்து ஊசிகள் முறிந்தன. ஒருவர் மட்டும் இருந்து இவ்வேலையைச் செய்திருக்க முடியாது.

நான்காம் நாள் இரவு போர்வையைத் திருப்பிப் பார்த்தபோது நெஞ்சு துணுக்குற்றது. நடுப்பகுதியில் கண்டாங்கி ஒரு சாண் நீளத்திற்கு மடிந்து தைக்கப்பட்டிருந்தது. மூன்றடுக்கையும் முன்னதாகக் கையால் நூலோட்டியபோது நாங்கள் காட்டிய அவசரமே காரணம். கடைக்காரரைக் குறை கூறிய அதே பிழை! அதனைச் சரிசெய்ய வேண்டுமாயின், அவ்விடத்தைச் சுற்றி இரண்டு நாள் தைத்ததைப் பிரிக்க வேண்டும். “அடிப்பக்கந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் எங்களுள் ஒருவர். “பார்க்கமாட்டான், ஆனால் இரவில் புரளும்போது முதுகில் படும்” என்றார் மற்றவர். அதற்குமேல் பேச்சில்லை. பிளேடும் ஊசியும் எடுத்து, சேலை கிழியாதவாறு ஒவ்வொரு தையலாக அறுத்து உருவினோம். தைக்க எடுத்ததைவிடப் பிரிக்க எடுத்த நேரம் அதிகம். இரவு இரண்டு மணி அளவில், ஐந்தாண்டுகளாக எங்களிடையேகூடப் பேசாதிருந்த அந்த வாசற்படிச் சொல்லைப் பற்றி முதன்முறையாகப் பேசினோம். யார் சொன்னது, யார் தடுத்திருக்கலாம் என்ற கணக்கு அன்று எழவில்லை. சொன்னது தவறு என்று இருவரும் சொன்னோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் போர்வையைப் பொதியாகக் கட்டி அனுப்பினோம். கடிதம் எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்தோம். இறுதியில், “கேட்டபோது தந்திருக்க வேண்டும். பிந்திவிட்டது. பொறுத்துக்கொள்” என்று மட்டும் எழுதினோம். பத்து நாள் சென்று தம்பியின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். “அண்ணி, வந்து சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடிப்பக்கத்தை மேலாக வைத்து விரித்திருக்கிறார்” என்றார். பின்புறத்தில் துண்டுகள் தெரியா; அரக்குப் பரப்பின்மீது வெண்ணூலில் அன்னையின் கோலம் மட்டுமே தெரியும். எங்களுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. ஓராண்டு அளவும் வேறு செய்தி இல்லை.

2022 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்னையாரின் கல்லறையில் மலரிட்டு நாங்கள் நிமிர்ந்தபோது, தம்பி மெழுகுவர்த்தியுடன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. மூவரும் செபித்தோம். கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தான். “போர்வையின் ஓரம் ஓரிடத்தில் பிரிந்துவிட்டது, பெரியக்கா. மெஷின் வீட்டில்தானே இருக்கிறது?” என்றான்.

ஆறாண்டுகளுக்குப் பின் படியேறி வந்து, அன்னையார் வழக்கமாக அமரும் இயந்திரத்தின் அருகிலேயே பலகை போட்டு அமர்ந்தான். ஒருவர் தேநீர் வைக்கச் சென்றோம். ஒருவர் போர்வையை விரித்தோம். நான்கு விரற்கடை நீளத்திற்கு ஓரக்கரை பிரிந்திருந்தது. ஐந்து நிமிட வேலை. நாங்கள் அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

தைக்கும்போது ஒன்று கண்டோம். தேய்ந்து அறுந்த நூலின் நுனி பிசிறாக இருக்கும். அங்கிருந்த நூல்களின் நுனிகளோ கத்தரியால் வெட்டியதுபோல் சீராக இருந்தன. நாங்கள் அதுபற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.