வயிற்றுக்கும் ஒரு சோதனை வயல்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் ஒரு கிராமம். காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேன் ஊர் முனையில் வந்து நிற்கும். அதில் ஏறும் பெண்களில் ஒருவர், இரண்டு வருடமாகக் காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் ஏறிக்கொண்டிருந்தார். சாப்பிட்டால் வயிறு முறுக்கும். வேனை நடுவழியில் நிறுத்தச் சொல்ல முடியாது. தையல் பிரிவில் அவர் தைத்துக் கொடுத்தால்தான் அடுத்த மிஷினுக்கு வேலை. நாளைக்கு நாலு முறை எழுந்து போனால் சூப்பர்வைசரின் முகம் மாறும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

கணவருக்கு இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். நிலக்கடலை, கேழ்வரகு, வரப்பில் சில தென்னை. பாலாற்றுப் பக்கம் யாருக்கு வயிறு வலித்தாலும் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். அதில் தவறும் இல்லை. தோல் கழிவு இந்தப் பகுதியின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததை 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. இவர்களும் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். வலி மாறவில்லை.

வேலூர் மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, 'ஐ.பி.எஸ்.' என்றார்கள். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் குடலின் ஓட்டமும் உணர்ச்சியும் சீராக இல்லை என்று அதற்குப் பொருள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோதுதான் கணக்கு வெளியே வந்தது. காலை டீ நேரத்தில் கேன்டீன் பன். கணவருக்குச் சர்க்கரை என்பதால் இரவில் வீட்டில் எல்லோருக்கும் சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. மூன்றும் கோதுமை. சொந்த நிலத்தில் விளைந்த கேழ்வரகோ மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு வாரம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்றார் மருத்துவர். அதற்கு முன்பே 'சீலியாக்' நோய்க்கான ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட்டார். இந்த வரிசை முக்கியம். கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். சீலியாக் இருப்பவர் கோதுமையைத் துளிகூடத் தொடக் கூடாது. கோதுமை அரைத்த மில்லில் அரைத்த கேழ்வரகு மாவுகூட அவருக்கு ஆகாது. ஆனால், நம் பக்கம் அந்த நோய் மிக அரிது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. வேலூர் பகுதியில் பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். இந்த அம்மாவுக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். சப்பாத்தி, பன், பரோட்டா நின்றன. காலையில் மோர் விட்ட கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பத்து நாளாகியும் வலி அப்படியே இருந்தது. வயிறு இன்னும் கொஞ்சம் உப்பியது.

"கேவுரும் எனக்கு ஒத்துக்கலைங்க. வேலைய விட்டுடறேன்" என்றார் மனைவி.

கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விதை, உரம், மருந்து மூணையும் ஒரே போகத்துல மாத்திட்டா எதனால வெளைஞ்சுது, எதனால போச்சுன்னு யாரால சொல்ல முடியும்?" என்றார்.

ஒரு புதிய உரத்தைப் பார்க்க வேண்டுமானால், ஒரு பாத்திக்குப் போட்டு, பக்கத்துப் பாத்தியைப் போடாமல் விட்டுவைப்பது அவர் வழக்கம். நிலக்கடலைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே பின்பக்கம் கோடு போட்டார். தேதி, சாப்பிட்டது, எத்தனை, வயிறு எப்படி. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம்.

முதல் வாரம் வெங்காயத்தை மட்டும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாளே வலி பாதியானது. அடுத்த வாரம் மோரை நிறுத்தினார்கள். எந்த வித்தியாசமும் இல்லை, மோர் திரும்ப வந்தது. பழி கேழ்வரகின் மேல் விழுந்திருந்தது, குற்றவாளி வெங்காயம்.

வெங்காயத்துக்கும் கோதுமைக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் 'ஃபிரக்டான்' என்ற ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதை அறுக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி வாயுவாகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான், ஐ.பி.எஸ். உள்ளவருக்கு அது வலியாகத் தெரிகிறது. 2018-ல் நார்வே ஆய்வாளர்கள், கோதுமை ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு அதிகமானது கோதுமைப் புரதமான குளூட்டனால் அல்ல, ஃபிரக்டானால். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையும் இதே வழிதான்: இரண்டு முதல் ஆறு வாரம் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது, ஒத்துக்கொள்ளும் அளவைத் தெரிந்துகொள்வது. முதல் படியிலேயே நின்றுவிடக் கூடாது.

அதனால் ஆறாவது வாரம் சப்பாத்தி திரும்ப வந்தது. ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை. மூன்று சாப்பிட்ட மறுநாள் வேனில் ஏறவே பயந்தார். அவருடைய அளவு ஒன்று. இன்னொருவருக்கு இரண்டாக இருக்கலாம், அரையாக இருக்கலாம்.

மாவும் ரொட்டியும் வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். அரிசி, சோளம், சாமை, கேழ்வரகு ஆகியவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால், நார்ச்சத்துள்ள தானியத்தைப் புதிதாகத் தொடங்குபவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். 'மல்டி கிரெயின்' மாவில் கோதுமையோடு கொண்டைக்கடலை, சோயா சேர்ந்திருக்கலாம். வாயுத் தொல்லை உள்ளவருக்கு அது இரட்டைச் சுமை. 'ராகி பிரெட்' என்று எழுதியிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமானதுதான் பட்டியலில் முதலில் வரும். பல நேரம் அது மைதாவாக இருக்கும். நீண்ட நேரம் புளிக்க வைத்த மாவில் ஃபிரக்டான் குறையும். அவசரமாக உப்ப வைத்த பன்னில் அந்த அளவுக்குக் குறையாது. சர்க்கரை உள்ளவர்கள் களியையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, இவற்றில் எது இருந்தாலும் மாவு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தீபாவளி போனஸ் வந்தது. வேலையை அவர் விடவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் இப்போதும் சில நாள் வயிறு முறுக்குகிறது; உணவு மட்டுமே காரணமில்லை என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. காலையில் வெங்காயமில்லாத கூழ் குடித்துவிட்டு வேன் ஏறுகிறார். இந்த அறுவடையில் வியாபாரி வந்தபோது கணவர் இரண்டு மூட்டைக் கேழ்வரகைத் தனியாக எடுத்து வீட்டுக்குள் வைத்தார். அதற்கு அவர் விலை சொல்லவில்லை.