பட்டியலை விற்றவர் யார்?

பிளஸ் டூ தேர்வு முடிகிற சமயத்தில் பெற்றோர் சிலர் என் அலுவலகத்துக்கு வருவார்கள். கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்தெல்லாம் ஓயாமல் போன் வருகிறது. பிள்ளை எடுத்த குரூப், படித்த பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாமே பேசுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. "எங்க நம்பர் இவங்களுக்கு எப்படி சார் போச்சு?" என்பார்கள். நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீலான எனக்கு, இருப்பதிலேயே கடினமான கேள்வி அதுதான்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்ட அனுமதியின்றி இன்னொருவரிடம் தருவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. ஆனால் யாரை எதிர்தரப்பாகச் சேர்ப்பது? வாங்கியவர் தெரிகிறார், போன் செய்கிறவர் அவர்தானே. கொடுத்தவரும் நடுவில் விற்ற தரகரும் கண்ணில் படுவதே இல்லை.

அதனால் என் வேலையில் பாதி துப்புத் துலக்குவதிலேயே போகிறது. உங்கள் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு தாயாருக்கு வந்த குறுஞ்செய்தியில் அவருடைய இனிஷியல் 'எம்' என்பதற்குப் பதில் 'என்' என்று இருந்தது. வீட்டிலுள்ள ரசீது, படிவம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னேன். ஆதாரில் சரியாக இருந்தது, பள்ளி ஆவணங்களிலும் சரியாக இருந்தது. மகள் சேர்ந்திருந்த நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் ரசீதில் மட்டும் அதே 'என்'. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள், விரல் தவறியிருக்கிறது.

ரசீதையும் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினோம். யாருக்கும் எந்த விவரமும் தரவில்லை என்று பதில் வந்தது. மேற்கொண்டு நிரூபிக்க வேண்டிய பாரம் அந்த அம்மாவின் தலையில். மகள் அங்கேதான் இன்னும் படிக்கிறாள், விட்டுவிடலாம் சார் என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த ஒற்றை எழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதனால்தான் ஆவலோடு படித்தேன். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமலுக்கு வர வேண்டும். எனக்கு அதில் பெரிதாகப்படுவது பிரிவு 11. என் விவரத்தை யார் யாரிடம் பகிர்ந்தீர்கள், எதையெல்லாம் பகிர்ந்தீர்கள் என்று, சம்மதம் பெற்று விவரம் வாங்கிய நிறுவனத்திடம் கேட்கலாம், அது சொல்லியாக வேண்டும். மழுப்பினால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் விவரம் என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்தே வாங்க வேண்டும். மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

அந்த அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தொல்லைப்பட்ட குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. பாதுகாப்பில் அலட்சியம் காட்டிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

தரகரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் இதில் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2018லேயே தரவுத் தரகர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. கலிஃபோர்னியா 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வசிப்பவர் ஒரே ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும், பதிவான தரகர்கள் அத்தனை பேரும் அவர் விவரத்தை அழிக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் முதல் 45 நாளுக்கு ஒருமுறை அந்த விண்ணப்பங்களை அவர்கள் பார்த்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தரகர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை அங்கே குடிமகன் தலையில் விழுவதில்லை. இங்கேயும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அதுவரை வருகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன். எந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த ரசீதில் பெயர் தப்பாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிரிவு 11இன்படி அனுப்ப வேண்டிய கடிதத்தின் மாதிரியைத் தமிழில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான்.