70 கொண்டை ஊசி வளைவுகள்... ஓர் இத்தாலி பைக்... ராசிபுரம் வாசலில் ஒரு சனிக்கிழமை!

சேலத்தில் நின்று வடக்கே பார்த்தால் ஏற்காடு. நாமக்கல்லில் நின்று வடகிழக்கே பார்த்தால் கொல்லிமலை. இரண்டுக்கும் கீழே விரிந்து கிடக்கிறது சமவெளி. மரவள்ளிக் காடு, மக்காச்சோளம், கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை என்று மாறி மாறி வரும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70! பைக் பிரியர்களிடம் 'எழுபது' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்த ரோடு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு அதிகாலையில் காரவள்ளி அடிவாரத்தில் நின்றால் புல்லட், பல்சர், கேடிஎம் எல்லாம் வரிசைகட்டும். இப்போது அந்த வரிசையில் அவ்வப்போது ஓர் இத்தாலிப் பெயரும் எட்டிப் பார்க்கிறது. ராசிபுரத்தில் இருக்கும் என் நண்பனிடம் இருப்பது அப்படி ஒன்றுதான். ஏப்ரிலியா ஆர்எஸ் 457.

இத்தாலி பைக் என்றதும் 'அதற்கெல்லாம் பெங்களூருக்குத்தானே ஓடணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய வேலைக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால், மலை ஏறும் முன் செய்ய வேண்டிய முக்கால்வாசி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். அதைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை மதியம் ராசிபுரம் போனேன்.

இத்தாலி நமக்குப் புதுசு இல்லை!

முதலில் ஒரு விஷயம். இத்தாலி வண்டியை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது நம் தாத்தாக்களுக்குக் கைவந்த கலை. 1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மிலானில் லாம்ப்ரெட்டா வந்தது. இரண்டும் பின்னாளில் இந்தியாவிலேயே தயாராயின. வெஸ்பாவுக்கு உரிமம் வாங்கித் தயாரித்தது பஜாஜ். 1972-ல் வந்த சேட்டக்கும் வெஸ்பாவின் வாரிசுதான். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட லக்னோவின் அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, லாம்ப்ரெட்டாவின் இயந்திரங்களையே இத்தாலியிலிருந்து வாங்கி வந்து 'விஜய் சூப்பர்' செய்தது.

காலையில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவது, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது, சைலன்சரில் அடைத்த கரியை எரித்து எடுப்பது, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புவது... இதையெல்லாம் செய்ய மெக்கானிக் தேவைப்படவில்லை.

அந்த வெஸ்பாவின் பியாஜியோதான் 2004-ல் ஏப்ரிலியாவையும் வாங்கியது. வெனிஸ் பக்கத்தில் இருக்கும் நோவாலே ஊரில் பிறந்த பிராண்டு இது. ஆனால், ஆர்எஸ் 457 தயாராவது மகாராஷ்டிராவின் பாராமதியில்! இந்திய வண்டிகளில் வரும் டயரும் நம்ம மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப்.

457 சிசி, இரட்டை சிலிண்டர், லிக்விட் கூலிங். பவர் 35 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 47 குதிரைத்திறன். ஐரோப்பாவில் 'ஏ2' லைசென்ஸ்காரர்கள் ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதே 35 கிலோவாட்தான். பெட்ரோலோடு சேர்த்து எடை 175 கிலோ. 2023 டிசம்பரில் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 4.10 லட்சம் ரூபாய்.

இந்த வண்டியை வாங்கச் சம்மதிக்கும்போது நண்பனின் அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாராம். "மலைக்குப் போறதுன்னா முந்தின நாளே வண்டிய முழுசா பாத்துரோணும் கண்ணு. பாக்கலீன்னா போகக் கூடாது." அந்தக் கண்டிஷன்தான் இந்தச் சனிக்கிழமை சர்வீஸ்.

செயினில் தொடங்கு!

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு பேடாக் ஸ்டாண்ட். அவன் அதைக் கடையில் வாங்கவில்லை. நாமக்கல்லில் ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயை வளைத்துச் செய்தது. லாரிக்கே கூடு கட்டுகிற ஊரில் இது ஒரு வேலையா?

சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினைத் துடைக்கிறான். இன்ஜினை ஆன் செய்து, கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். துணி செயினில் சிக்கினால் விரலும் கூடவே போகும்.

செயின் இணைப்புகளுக்குள் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பாற்றுவது அவைதான். பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலோ, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ வளையம் கெடும். அதற்குப் பிறகு எத்தனை ஆயில் விட்டாலும் பலன் இல்லை. செயின் கிளீனர், மென்மையான பிரஷ், துணி போதும். தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓனர் மேனுவலில் இருக்கிறது. ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழக் கூடாது. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும். இறுக்கமான இடத்தில்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. லாரி டயரில் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று இருக்கும். அந்த அளவுக்குப் பழகிய பஞ்சர் கடை மீட்டரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடக் குறைய இருந்தால் லாரிக்கு ஒன்றும் ஆகாது. 30 சொச்சம் பிஎஸ்ஐ கேட்கும் பைக் டயருக்கு அது பத்து சதவிகித வித்தியாசம்! வளைவில் பைக் சாயும்போது அது தெரியும். அதனால் சொந்தமாக ஒரு பிரஷர் மீட்டர். காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது நல்லது.

பிறகு கூலன்ட். இன்ஜின் ஆறிய பிறகு டேங்கில் அளவைப் பார்க்கலாம். குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கம் வீட்டுப் பாத்திரத்திலேயே வெள்ளையாக உப்புப் படிகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் என்ன ஆகும்? சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

லாரிக்குப் பின்னால் போய்ப் போய் ரேடியேட்டர் தகடுகளில் மண்ணும் பூச்சியும் ஒட்டியிருக்கும். அதைப் பைப் தண்ணீரில் மெதுவாகக் கழுவலாம். வாட்டர் சர்வீஸின் பிரஷர் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் தகடு மடங்கிவிடும்.

ஆயிலிலும் ஒரு கவனம். நாமக்கல்லில் லாரி ஆயில் எங்கும் கிடைக்கும். ஆனால், பைக்கின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பது. அதற்கு 'ஜாசோ எம்ஏ2' தரம் உள்ள பைக் ஆயில்தான் வேண்டும். மாற்றி ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

'லாரிக்கு இறுக்குற கை ஆகாதுங்க!'

ஸ்டாண்டின் ஒரு புஷ்ஷை மாற்றுவதற்காக நாமக்கல் வரை போய் வந்தோம். லேத் பட்டறை அண்ணன் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பூராவும் அலுமினியமுங்க தம்பி. லாரிக்கு இறுக்குற கை இதுக்கு ஆகாதுங்க" என்றார்.

ஒரே வரியில் மொத்தப் பாடமும் சொல்லிவிட்டார்! லாரியின் சக்கர நட்டை, ஸ்பானரில் குழாயைச் செருகி, ஆள் மேலே ஏறி நின்று இறுக்குவார்கள். கணக்குப் போட்டால் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். பைக்கின் ஆயில் டிரெயின் போல்ட்டுக்குப் பொதுவாக 20, 30 போதும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். இன்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டாகப் பின்டயரில் விழுந்தால் மலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே, வீட்டில் வேலை பார்ப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி டார்க் ரெஞ்ச்.

மரை போனாலும் பயப்பட வேண்டாம். ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் வைத்துப் புது மரை போடும் வேலையை இந்தப் பக்கத்து லேத்காரர்கள் சுத்தமாகச் செய்வார்கள். ஸ்டாண்ட், புஷ், பிராக்கெட் எல்லாம் உள்ளூரிலேயே முடியும். ஆனால், ஆக்ஸில், பிரேக் டிஸ்க் போல்ட் போன்றவற்றை லேத்தில் கடைந்து போடக் கூடாது. அங்கே ஒரிஜினல் மட்டுமே.

ட்யூனிங் என்றால் சத்தம் இல்லை

இனிதான் முக்கியமான இடம். 'பைக்கை ட்யூன் பண்ணினேன்' என்று யாராவது சொன்னால் நாம் முதலில் பார்ப்பது சைலன்சரை. நண்பனுக்கும் அந்த ஆசை இருந்தது. அவன் மனதை மாற்றியது கணக்கு.

175 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்குச் சத்த வரம்பு 80 டெசிபல். ஆர்.சி-யில் பதிவான தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்த விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

இதெல்லாம் போலீஸ் பயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சைலன்சரை மாற்றினால் மலை ரோட்டில் பைக் ஒரு துளிகூடச் சீக்கிரம் நிற்காது. ஒரு துளிகூட நன்றாகத் திரும்பாது.

நன்றாகத் திரும்ப வைக்கும் ட்யூனிங் இலவசம்! முன் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டுங்கள். முன்சக்கரத்தில் பாரம் இல்லாதபடி இருவர் தூக்கிப் பிடித்து, டையை ஃபோர்க் சீலோடு ஒட்டி வையுங்கள். வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட்டோடு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். மறுபடி தூக்கி, சீலுக்கும் டைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும்.

இந்த பைக்கில் ஃபோர்க்கின் மொத்த ஓட்டம் 120 மி.மீ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 30-லிருந்து 40 மி.மீ. அமுங்குவது பொதுவாக நல்ல அளவு. அதிகம் அமுங்கினால் ஃபோர்க் மேலே இருக்கும் ப்ரீலோடு திருகைக் கூட்ட வேண்டும். குறைவாக அமுங்கினால் தளர்த்த வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் ஷாக்கிலும் ப்ரீலோடைக் கூட்டுவது அவசியம். நண்பன் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், காற்று, எத்தனை திருகு என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். அம்மாவின் பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே அதுவும் தொங்குகிறது!

கை வைக்கக் கூடாத இடங்கள்

வால்வ் இடைவெளி பார்ப்பது, ஏபிஎஸ் பிரேக் லைனைத் திறப்பது, ஈசியு மேப்பை மாற்றுவது... இவை வாசல் வேலை அல்ல. டுகாட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மற்ற வண்டிகளில் வால்வை மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் புகழ்பெற்ற 'டெஸ்மோ' முறையில் திறப்பதற்கு ஓர் ஆர்ம், மூடுவதற்கு இன்னோர் ஆர்ம். ஃபேபியோ டாக்லியோனி என்ற இன்ஜினீயர் 1950-களில் டுகாட்டிக்குக் கொண்டுவந்தது. ஒரு வால்வுக்கே இரண்டு இடைவெளிகளைச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பழகிய கை தேவை. சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கி.மீ. அந்தப் பயணம் தேவையற்ற செலவு அல்ல.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பரீட்சை

ஞாயிறு காலை. பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போகும். அரசுப் பேருந்து திரும்பும்போது மொத்த ரோடும் அதற்குத்தான். நின்று வழிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. சோளக்காட்டில் இறங்கி மலை வாழைப்பழமும் மிளகும் வாங்கினோம்.

திரும்பி இறங்கும்போதுதான் சனிக்கிழமை உழைப்பின் மதிப்பு தெரிந்தது. 70 வளைவிலும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஆனால், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள். லீவரை அழுத்தினால் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. சாதாரண ரோட்டில் கடைசி வரை தெரியாத இந்தக் கோளாறு, மலை இறக்கத்தில்தான் தெரியும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். இரண்டாவது கியரில், இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினோம். பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும்.

அடிவாரத்தில் நின்று டீ குடிக்கும்போது நண்பன் வீட்டுக்கு போன் போட்டான். "எறங்கியாச்சும்மா." அந்தப் பக்கம் கேட்டது ஒரே கேள்வி: "பிரேக்கெல்லாம் நல்லா இருந்துச்சா?"

கொல்லிமலைக்குக் கிளம்பும் முன்...

* நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி வழி.
* பெட்ரோலைச் சமவெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.
* முந்தைய நாள்: செயின், கூலன்ட், பிரேக் பேட், பிரேக் ஆயில் அளவு, எல்லா லைட்டுகளும். அன்று காலை: டயர் காற்று.
* ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் ஒதுங்க வேண்டும்.
* ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போவதென்றால் அதிகாலையிலேயே ஏறுங்கள். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.
* ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் உண்டு!