இருபுறமும் பார்க்கும் அறை

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டின் எல்லை முடிந்து ஆந்திரம் தொடங்கும் தடாவை அடுத்த ஸ்ரீ சிட்டியில், ஆல்ஸ்டம் தொழிற்சாலை செய்து அனுப்பிய வண்டிகளுள் சென்னை மெட்ரோவுக்கும் கொச்சிக்கும் போனவற்றை நம்மவர்கள் அன்றாடம் ஏறி இறங்கிப் பழகியிருக்கிறார்கள். ஆனால் அதே தொழிற்சாலையிலிருந்து கடல் கடந்து, 2019 மே மாதத்தில் சிட்னி நகரத்தில் ஓடத் தொடங்கிய 22 வண்டிகளே என் சிந்தனையை வெகுவாகப் பற்றிக்கொண்டவை. ஆறு பெட்டிகள் கொண்ட அவ்வண்டிகளில் ஓட்டுநரும் இல்லை, ஓட்டுநர் அறையும் இல்லை. பிரயாணியே முன்கண்ணாடி ஓரம் நின்று, தன்னை நோக்கி ஓடிவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். இது பெரிய சாதனை. நம் பக்கத்து ஊழியர்களின் கைகளால் நிறைவேறியது என்பதில் எனக்குப் பெருமிதமும் உண்டு. ஆயினும், ஓட்டுநர் அறை என்ற ஒன்றே மறைந்துபோகத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், அது எத்தகைய அறையாக இருந்தது, ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை விசாரித்து எழுதிவைக்க வேண்டும் என்ற ஆவல், தடா வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு மேலிடுகிறது.

அவ்வறைக்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று: ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை வழியாகக் குந்தக்கல் செல்லும் மார்க்கத்தில், மின்சாரக் கம்பி வருவதற்கு முன் பல்லாண்டு காலம் சரக்கு வண்டிகளை இழுத்தவை, குத்தி ஷெட்டைச் சேர்ந்தவையும் பிற ஷெட்டுகளைச் சேர்ந்தவையுமான டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின்கள். நியூயார்க் மாகாணத்து ஸ்கெனெக்டடியில் இருந்த ஆல்கோ கம்பெனி வகுத்த அமைப்பு அது. பதினாறு சிலிண்டர்கள், 2600 குதிரைத் திறன். முதல் எஞ்சின்கள் 1962-இல் அமெரிக்காவிலிருந்தே வந்து சேர்ந்தன. 1964 ஜனவரி முதல் வாராணசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் உருவாயின. ஆல்கோ கம்பெனி 1969-இல் எஞ்சின் தொழிலையே கைவிட்டது. அதன் பிறகும் அந்த அமைப்பை நாம் விடாமல் பேணி, பல்லாயிரம் மைல் ஓடச் செய்தோம்.

அந்த எஞ்சினின் வெளித்தோற்றம் அனைவரும் அறிந்ததே: ஒரு புறம் நீண்ட மூடி, மறுபுறம் குட்டை மூடி, இரண்டுக்கும் இடையே அறை. லாங் ஹூட், ஷார்ட் ஹூட் என்றுதான் ஓட்டுநர்கள் சொல்வார்கள். எந்தப் புறம் முன்னால் போனாலும் வண்டி ஓட வேண்டும் என்பதே அதன் விதி. ஆகையால் அறைக்குள் கருவிகள் பொருத்திய கண்ட்ரோல் ஸ்டாண்டு ஒன்றன்று, இரண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறப் பாதையில் செல்வதாலும், சிக்னல்கள் பெரும்பாலும் இடப்பக்கமே நிற்பதாலும், எத்திசையில் போனாலும் ஓட்டுநர் இடப்பக்கமே அமரும்படி, அவை மூலைக்கு மூலை எதிரெதிராக அமைக்கப்பட்டன.

அமெரிக்காவிலோ ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார். ஸ்டாண்டு அவருடைய இடக்கைப் புறம் தூண்போல் நிற்கும். முதலில் கம்பெனிக்குக் கம்பெனி அதன் கருவிகள் வேறுபட்டன. எஞ்சினின் திறனைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் த்ராட்டிலைப் பால்ட்வின் கம்பெனி காற்றழுத்தத்தால் இயங்கும்படி பொருத்தியது. ஆல்கோவும் இஎம்டி கம்பெனியும் எட்டு நாட்ச்களாக, அதாவது படிகளாகப் பகுத்த மின்சார த்ராட்டிலைக் கையாண்டன. விளைவு, பால்ட்வின் எஞ்சினை மற்றவற்றோடு கம்பி இணைத்து ஒரே ஓட்டுநர் ஓட்டுவது இயலாமற்போயிற்று. பின்னர் அந்நாட்டு ரயில்வே சங்கமே ஒரு பொது அமைப்பை வகுத்தது. இஎம்டி எஞ்சின்களில் நிலைத்துவிட்ட வடிவத்தில், மேலே டைனமிக் பிரேக், நடுவில் த்ராட்டில், கீழே திசை மாற்றும் ரிவர்சர் என்று மூன்று கைப்பிடிகள். பக்கத்தில் வண்டி முழுவதற்குமான பிரேக்கும் எஞ்சினுக்கு மட்டுமான பிரேக்கும். ரிவர்சரின் கைப்பிடி கழற்றக்கூடியது. நடுநிலையில் வைத்தாலொழியக் கழலாது. த்ராட்டில் ஐடிலில், அதாவது இழுவையற்ற நிலையில், இல்லாதபோது ரிவர்சர் அசையாது. அதைக் கழற்றிக்கொண்டு இறங்கிய ஓட்டுநர், எஞ்சினைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் சென்றவர் ஆகிறார்.

இந்தப் பக்கவாட்டு ஸ்டாண்டைப் பழமையின் எச்சம் என்று கருதி, அமெரிக்க ரயில்வேக்கள் எண்பதுகளின் இறுதியில் மேசைபோன்ற அமைப்பைக் கொண்டுவந்தன. முன்னோக்கி நேராக அமர்ந்து ஓட்ட அது வசதியானதே. ஆனால் சரக்கு வண்டியின் வேலை முன்னோக்கி ஓடுவதோடு முடிந்துவிடுவதில்லை. யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் நேரமெல்லாம் ஓட்டுநர் ஜன்னல் வழியே உடலைத் திருப்பி, பின்னால் தரையில் நிற்பவர் கையசைப்பதையோ விளக்கசைப்பதையோ பார்த்தபடியே த்ராட்டிலையும் பிரேக்கையும் இயக்க வேண்டும். மேசைக்குள் முழங்கால்களை நுழைத்து அமர்ந்தவருக்கு அது பெரும் உபத்திரவம். ஓட்டுநர்கள் முறையிட்டார்கள், பல ரயில்வேக்கள் மீண்டும் பக்கவாட்டு ஸ்டாண்டுக்கே திரும்பின. தொழிலாளியின் முதுகெலும்பு ஒரு வடிவமைப்பாளரின் தீர்ப்பை மாற்றியெழுதிய சம்பவமாகவே இதை நான் மதிக்கிறேன்.

நம் டபிள்யூடிஎம்-2-இல் வேறொரு சிக்கலும் இருந்தது. என் அபிப்பிராயத்தில் அந்த அறையின் மிக நுட்பமான பகுதி அதுவே. அமெரிக்க வண்டிகள் முழுவதும் காற்றழுத்த பிரேக்கில் ஓடின. நம் சரக்கு வண்டிகளோ அன்று வாக்குவம் பிரேக்கில் ஓடின. ஆகவே எஞ்சினுக்குக் காற்று, பின்னால் வரும் வேகன்களுக்கு வாக்குவம் என்ற இரு தர்மங்களையும் ஓர் ஓட்டுநரின் கை ஆள வேண்டியிருந்தது. ஏ-9 என்ற கைப்பிடியை அவர் நகர்த்தினால் முதலில் மாறுவது காற்றழுத்தம். அம்மாற்றமே ஒரு வால்வு வழியே வாக்குவத்தைக் குறைத்து வேகன்களைப் பிடிக்கச் செய்யும். எஞ்சினை மட்டும் பிடிக்க எஸ்ஏ-9 என்ற மற்றொன்று. காற்றை அழுத்தும் யந்திரத்தையும் வாக்குவத்தை உண்டாக்கும் யந்திரத்தையும் ஒன்றாக்கிய எக்ஸ்பிரஸரை எஞ்சின் அறையில் வைத்தார்கள். எந்தக் கை எப்போது எதைப் பிடிக்க வேண்டும், இரண்டில் எதை முதலில் தளர்த்த வேண்டும் என்ற சூட்சுமம் ஓட்டுநருக்கு அனுபவத்தால் வந்தது.

ரேணிகுண்டாவில் ஓய்வாக வாழும் முதிய டிரைவர் ஒருவரிடம், எட்டாம் நாட்சில் இருக்கிறோமா, ஐந்தில் இருக்கிறோமா என்பதை இரவில் எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். "கையே எண்ணிக்கும் தம்பி, கண்ணு ரோட்டுலதான் இருக்கணும்" என்றார். ஐடிலில் 400, எட்டாம் நாட்சில் 1000 என்று எஞ்சின் சுற்றும் வேகம் காதில் விழும். லோடு மீட்டரின் முள் இறங்கும்வரை காத்திருந்து அடுத்த நாட்சுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் கப்ளிங் அறுந்து, வண்டி இரண்டு துண்டாகும். நாட்சுக்கு நாட்ச் பல்லைத் தாண்டும்போது எழும் சிறு தடையை உள்ளங்கை உணரும்படி செய்த ஆல்கோவின் அமைப்பாளரை, இந்தப் பதிலைக் கேட்ட கணத்தில் மனத்தில் வணங்கினேன்.

இத்தனை லாவகமான அறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. லாங் ஹூட் முன்னால் போகும்போது, எதிரே நீளும் அந்தப் பெரிய மூடி பார்வையின் பாதியை விழுங்கிவிடும். பாதை வலப்புறம் வளைந்தால் சிக்னல் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம் இருக்கும் அசிஸ்டண்ட் பார்த்து உரக்கச் சொல்ல, ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விபத்தில் முன்னால் நீளும் மூடி கவசமாகும் என்று அமெரிக்காவில் சதர்ன் போன்ற ரயில்வேக்கள் அதையே முன்புறமாக வைத்துக்கொண்டது உண்மை. ஆனால் இடி தாங்குவதற்கு முன் இடிக்காமல் பார்ப்பதன்றோ முக்கியம்? எழுபதுகளின் பிற்பகுதியில், ஷார்ட் ஹூடைத் தாழ்த்திக் கண்ணாடிகளைப் பெரிதாக்கிய சில எஞ்சின்களை வாராணசியில் செய்தார்கள். 'ஜம்போ' என்று ஓட்டுநர்கள் செல்லமாக அழைத்த அந்த நல்ல யோசனை பரவாமற்போனது வருந்தத்தக்கது. இரு முனைகளிலும் அறை கொண்ட டீசல் எஞ்சின்கள் வாராணசியிலிருந்து வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது அந்த டபிள்யூடிஎம்-2 எஞ்சின்கள் பெரும்பாலும் கழிக்கப்பட்டுவிட்டன. சிலவற்றுக்கு வர்ணம் பூசி மேடைமேல் நிறுத்துகிறார்கள். அறைக்கதவு பூட்டியே கிடக்கிறது. வெளித்தகட்டைக் காப்பாற்றுவது போதாது. இரண்டு ஸ்டாண்டுகளும், ஏ-9-ம், நாட்ச் தடைகளும், இருக்கைகளும் அப்படியே உள்ள ஓர் எஞ்சினையாவது ரேணிகுண்டாப் பக்கத்தில் திறந்துவைக்க வேண்டும். ஸ்ரீ சிட்டியில் உள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் அதிலேறி, முதலில் லாங் ஹூட் புறமும் பிறகு எதிர்ப்புறமும் அமர்ந்து, தலையைப் பின்னால் திருப்பியபடியே நாட்ச் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அருகில் நின்று சொல்லித்தர அந்த முதிய டிரைவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்த அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.